தொட்டித் தண்ணீரும் மாமியின் வலக்கையும்

தலவில புனித அன்னம்மாள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் இருந்த தொட்டியில் முதன்முதலாகக் கைவைத்தபோது, அதிலிருந்த தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டேன். யுத்தம் முடிந்து பாதை திறந்த பின் வந்த திருவிழா அது. மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய சனம் எனக்குப் பின்னால் நின்றது. நான் உடப்பில் பிறந்தவள். முன்னேஸ்வரத்தில் குருக்கள் கையில் ஊற்றும் தீர்த்தத்தைக் குடித்து, மிச்சத்தைத் தலையில் தடவி வளர்ந்தவள். எத்தாளை ஊர்க் கத்தோலிக்கர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அப்போதுதான் வந்திருந்தேன். கோயில் வாசலில் தண்ணீர் வைத்திருந்தால் வேறு எதற்கென்று நினைப்பேன்? பக்கத்தில் நின்ற மாமி, என் கணவரின் தாய், என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் புள்ள, வீட்டில நாங்க தண்ணி தாறல்லியா?” என்றார். அது விரல் தோய்த்துச் சிலுவை போட்டுக்கொள்ளும் தண்ணீராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

பிறகு நான் ஞானஸ்நானம் பெற்றேன். ஆனாலும் மாமிக்கு நான் ‘தண்ணி குடிச்சவ’தான். அவருடைய கையோ சும்மா இருக்காது. மகன் வள்ளம் தள்ளும்போது ஒரு சிலுவை, மின்னலுக்கு ஒரு சிலுவை, கொட்டாவி விட்டால் வாய்மேல் சின்னதாக ஒன்று. ஈ விரட்டுகிறாரா, செபிக்கிறாரா என்று எனக்குள்ளே கிண்டல் செய்வேன். அந்தக் கை இல்லாமல் அவரால் செபிக்க முடியாது என்பது, பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகுதான் விளங்கியது. மாமி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இடக்கையால் சிலுவை போட்டாலும் கடவுள் ஏற்றுக்கொள்வார் என்று பாதர் வீடு தேடி வந்து சொன்னார். “ஓம் பாதர்” என்று தலையாட்டிய மாமி, அவர் படலையைத் தாண்டியதும், “அவருக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு” என்றார்.

அடுத்த திருவிழாவுக்கு வற்புறுத்தி, சில்லுக்கதிரையில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனோம். தொட்டிக்கு முன்னால் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்துக்கிடந்த அந்த வலக்கையைப் பிடித்துத் தண்ணீரில் தோய்த்து, நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோள்களுக்கும் கொண்டுபோனேன். எதிரே நின்றதால் என் இடது அவருக்கு வலது என்பது எனக்குத் தோன்றவில்லை. குழறிய நாக்கால் மாமி ஏசினார்: “மாத்திப் போடுற, மாடு!”

அதனால் கதிரைக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். என் கன்னம் அவர் தலையில் பட, என் கைக்குள் அவர் கையை வைத்து மறுபடி தொடங்கினேன். நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். ஈரக்கை கனத்தது. “ஆமென்” என்றபோது மாமியின் உடல் குலுங்கியது. நானும் அழுதேன். அதுவரை அந்த மனுசியை நான் கட்டிப்பிடித்ததேயில்லை. குடிக்கும் தீர்த்தம் அவரவர் தொண்டையோடு போய்விடும். இந்தத் தண்ணீரை ஒருவருக்காக இன்னொருவர் உடம்பில் எழுதலாம் என்று அன்று எனக்குப் பட்டது.

அதற்குப்பின் மாமி ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை, சாகும்வரை; நானும் ஒவ்வொரு முறையும் கதிரைக்குப் பின்னால் குனிந்து அவர் கையைப் பிடித்தேன். தண்ணி குடிச்சவ என்பதையும் விடவில்லை.

இந்த வருடமும் தலவிலக்குப் போனோம். தொட்டியில் விரல் தோய்த்துச் சிலுவை போட்டேன். பக்கத்தில் நின்ற கணவர், “ஏன் கைய இவ்வளவு தள்ளிப் போடுற? நெஞ்சில படவே இல்லையே” என்றார். குனிந்து பார்த்தேன். என் கைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தேன்.