எங்கள் வாசலைத் தாண்டிப் போன வண்டிகள்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாவதோடு நின்றவள் நான். சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், ஆட்கள் பேரும் வருசமும் இப்போதெல்லாம் நழுவி நழுவிப் போகின்றன, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சத்தம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அது காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும். அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் அலுமினியத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கிணுகிணுக்கும், அப்புறம்தான் 'டப்பு டப்பு டப்பு' என்று தூரத்தில் கேட்கும், நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

எங்கள் வீடு எர்ணாவூர்க் குப்பத்தில் ரோட்டை ஒட்டி இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கல், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். தெற்கே திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்கிற தொழிற்சாலை இருந்தது. அங்கே ஒரு வண்டியைச் செய்து முடித்ததும், ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு ஓர் ஆள் அதன்மேல் ஏறி எங்கள் ரோட்டில் எண்ணூர் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பி வருவார். இந்த உலகத்தில் யாரும் உட்காராத வண்டி, சக்கரத்துப் புது டயரில் முளைத்திருக்கும் ரப்பர் முள் கூட உதிராத வண்டி, முதன்முதலாகக் கடல்காற்றைப் பார்ப்பது எங்கள் வாசலில்தான் என்று எனக்கு அப்போது பெரிய கர்வம். புதிதாகப் பிறந்த குழந்தையை முதலில் பார்த்தவள் மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

என் நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். படிப்பு கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அவருடைய ஃபோர்மேன் அவரை மவுண்ட் ரோட்டுக்கு அழைத்துக்கொண்டு போய், ஒரு டீலரிடம் மோட்டார் சைக்கிளுக்குப் பதிந்துவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் வண்டி வேண்டுமென்றால் அப்படித்தான், பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போக மிச்சம் இருப்பதுதான் நமக்கு. எப்போது வரும் என்று கேட்டதற்கு, முறை வரும்போது வரும் என்று சொன்னார்களாம்.

வண்டி எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாவது வரைதான். அதற்கு மேல் பெண்பிள்ளை படிக்க வேண்டுமானால் ராயபுரத்தில் சிஸ்டர்மார் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வேலைக்குப் போகிற ஆம்பளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற பஸ்ஸில் என்னைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. சைக்கிளில் என்னையும் முன்னால் சேர்த்துச் சுமந்துகொண்டு எதிர்காற்றில் அவ்வளவு தூரம் மிதித்தால், அப்புறம் கிரேன் ஏணி ஏறுவதற்கு நைனாவுக்கு முழங்கால் இருக்காது. அதனால்தான் வண்டி. என்னை அந்த வாசலில் இறக்கிவிட்டு அவர் துறைமுகத்துக்குப் போவார், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவார். அந்தப் பள்ளிக்கூடத்து வாசலைத் தினமும் சைக்கிளில் தாண்டிப் போகிறவர் அவர்.

“கேட்டுக்கு மேல வளைவா இரும்புல எழுத்து வெச்சிக்கீறாங்கோ, பிலோமி. இன்னா எழுதிக்கீதுன்னு எனுக்குத் தெரியாது. மொத நாளு போவ சொல்லோ நீ படிச்சி சொல்லு” என்பார்.

யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

நான் ஐந்தாவது படித்த அந்த வருசம் முழுக்க, போகிற ஒவ்வொரு வண்டியையும் இது நம்முடையதா, இது நம்முடையதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இந்த டீலர் விவகாரமே பிடிபடவில்லை. எங்கள் குப்பத்தில் கட்டுமரம் கரை ஏறியதும் வலையை உதறுகிற இடத்திலேயே மீனை வாங்கிவிடுவோம், அதே மீனைக் கூடையில் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே போய் வாங்குகிற வழக்கம் யாருக்கும் கிடையாது. “நம்ம கரைல புட்ச்ச மீன சிந்தாதிரிப்பேட்டைல போயா வாங்குவாங்கோ?” என்று கேட்பாள். ஆகவே, முறை வரும்போது தொழிற்சாலையிலிருந்து அந்த ஆளே நேராக வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

அந்த ஆளை நாங்கள் 'டெஸ்ட்டு அண்ணன்' என்போம். நடராசன் என்று பேர் என்று நினைக்கிறேன். காக்கி கால்சட்டை, காதில் பஞ்சு, சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ். எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அணைக்காமல், ஒரு உள்ளங்கையை பெட்ரோல் டாங்கியின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஜுரம் பார்க்கிற மாதிரி இருக்கும். பிறகு எங்கே குறை என்று பட்டதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டு டீ குடிப்பார். கோடே விழாத வண்டியும் வரும்.

பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த சமயம், ஒரு நாள் சத்தம் டீக்கடைப் பக்கம் போகாமல் எங்கள் சந்துக்குள் திரும்பியது. தட்டுகள் கிணுகிணுக்கவில்லை, ஆடின. எட்டிப் பார்த்தால் டெஸ்ட்டு அண்ணன் எங்கள் வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்திக் கொண்டிருக்கிறார். பச்சை வண்டி. வெயிலில் அதன்மேல் வானம் முழுசாகத் தெரிந்தது.

அம்மா உள்ளே ஓடிப்போய், கோவிலிலிருந்து கொண்டுவந்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருந்த தீர்த்தப் புட்டியை எடுத்து வந்து வண்டியின் தலையிலிருந்து வால் வரைக்கும் தெளித்தாள். தன் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி வண்டியின் முன்விளக்கின்மேல் மாட்டினாள். அடுத்த வீட்டுக் கன்னியம்மா அக்கா எட்டிப் பார்த்தவள், இவ்வளவு பெரிய பொருளுக்குத் தீர்த்தம் மட்டும் போதுமா என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றிச் சுற்றிவிட்டாள். டெஸ்ட்டு அண்ணன் நெற்றியிலும் ஒரு பொட்டு. அவர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கோவில் தூண் மாதிரி நின்றார். சந்தே கூடிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“எம்மா, நான் ஒரு சொம்பு தண்ணி கேக்க வந்தேம்மா. டீக்கடை மூடிக்கீது.”

யாரும் சிரிக்கவில்லை, முதலில். அம்மா முகம் செத்துப்போய்விட்டது. கன்னியம்மா அக்காதான் சமாளித்தாள். “அதுக்கு இன்னா, தண்ணியும் குட்ச்சிட்டு வண்டியும் வுட்டுட்டுப் போயேன்” என்றதும் சந்து முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். பச்சை அடித்ததெல்லாம் பட்டாளத்து வண்டி, பெட்டியில் போட்டு வடக்கே எங்கேயோ பனிமலைக்குப் போகிறது, உங்களுக்கு வருவது மவுண்ட் ரோடு டீலர் வழியாகத்தான் வரும் என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். ஜெபமாலையைப் பத்திரமாகக் கழற்றி அம்மா கையில் கொடுத்தார். தீர்த்தத்தைத் துடைக்கவில்லை. கந்தல் துணி கையிலேயே இருந்தது, ஆனாலும் துடைக்கவில்லை. எலுமிச்சம்பழத்தையும் முறைப்படி நசுக்கிக்கொண்டுதான் போகப் போவதாகச் சொன்னார். மலைமேல் நிற்கிற எந்தப் பிள்ளைக்கோ நல்லதாகப் போகட்டும் என்றார்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற வண்டி என்று சொல்லி நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. அவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, என் கையைப் பிடித்து டாங்கியின்மேல் வைத்தார். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரிய மாட்டின் விலாவில் கைவைத்தால் உள்ளே உயிர் ஓடுவது தெரியுமே, அந்த மாதிரி இரும்புக்குள்ளே தெரிந்தது. என் பல் வரைக்கும் அது வந்தது.

“உன் வண்டியும் என் கைலதான் வரும். எதுன்னு எனுக்கும் தெரியாது, உனுக்கும் தெரியாது. அதனால எல்லாத்தையும் உன் வண்டின்னு நென்ச்சிகினே ஓட்றேன், போதுமா?” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு எல்லா வண்டியும் என் வண்டி. பனிமலைக்குப் போனது கூட.

ஜூன் மாதம் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது. வண்டி வரவில்லை. நைனா ஃபோர்மேனைக் கூட்டிக்கொண்டு மவுண்ட் ரோட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த வருசம் ஆறாவதில் சேர்த்துவிடலாம், ஒரு வருசம் தானே என்றார். நான் அம்மாவோடு கருவாடு காயப்போட்டுக்கொண்டு, தட்டு கிணுகிணுக்கும்போதெல்லாம் ஓடி வந்து பார்த்துக்கொண்டு அந்த வருசத்தைக் கழித்தேன். அடுத்த ஜூனும் வந்தது, போனது. அதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன். அம்மா எனக்குத் தாவணி போட்டுவிட்டாள். இனிமேல் சின்னப் பிள்ளைகளோடு ஆறாவதில் போய் முழங்காலை மடக்கி உட்காருவியா என்று சந்தில் கேலி பேசினார்கள். பெரியப்பா வந்து, பள்ளிக்கூடப் பேச்சை விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அதை முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது.

வண்டி அதற்கப்புறம் இன்னும் ஒரு வருசம் கழித்துத்தான் வந்தது. கறுப்பு வண்டி. எங்கள் ஊரில் பிறந்து, எங்கள் வாசலை ஒருமுறை தாண்டிப் போயிருக்க வேண்டிய வண்டி, மவுண்ட் ரோடு வரைக்கும் போய்விட்டு, நைனாவைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. குப்பமே வந்து பார்த்தது. தொடுவதற்கு முன்னால் ஆட்கள் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார்கள். மாதா கோவில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். நைனா அதை வீட்டுக்கு உள்ளே ஏற்றி வைத்துவிட்டு, தான் வாசலில் படுத்துக்கொண்டார். கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் பார்த்தால் கோபம் வராது. அப்படி ஓர் அழகு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா என்னை அழைத்தார். “வா பிலோமி, ராயபுரம் வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வர்லாம்.” நான் தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். திருவொற்றியூர் போனது, தண்டையார்பேட்டை போனது. தரையே எங்களுக்கு அடியிலிருந்து யாரோ உருவுவது போலப் போனது. நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் இப்போது போகிறவளாகிவிட்டேன், ரோட்டோரத்தில் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன். பிறகு நீளமான ஒரு மதில் வந்தது, மதிலுக்கு மேல் மரம் வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் இதுதான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. நிறுத்துவார், நான் படித்துச் சொல்ல வேண்டும் என்று கழுத்தை நீட்டினேன். மூன்று வருசமாக நான் எழுத்தைப் பார்த்ததே குறைவு, கூட்டிப் படிக்க வருமா என்று கூட ஒரு பயம்.

நைனா கைப்பிடியை முறுக்கினார். வண்டி எகிறியது. இரும்பு வளைவு ஒன்று தலைக்குப் பக்கத்தில் வந்து பின்னால் போனது, அதில் எழுத்து இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார். “ஆக்சிலேட்டரு டைட்டா கீது. முறுக்குனா வுடமாட்டுது. இல்லாங்காட்டி நின்னிருப்பேன்.”

மறுநாள் டெஸ்ட்டு அண்ணன் டீக்கடைக்கு வந்தபோது நைனாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடம் காட்டினார். நானும் பின்னால் போனேன். அவர் வண்டியைக் கிளப்பி உள்ளங்கையை டாங்கியின்மேல் வைத்தார், கண்ணை மூடினார். பிறகு கைப்பிடியை முறுக்கி விட்டார். அது வெண்ணெய் மாதிரி திரும்பி வந்து நின்றதை நான் பார்த்தேன். இன்னொரு தடவை முறுக்கினார். மறுபடியும் அப்படியே வந்து நின்றது. அவர் நைனா முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் தாவணியைப் பார்த்தார். சாக்பீஸை எடுத்தார்.

“ஆமாண்ணே. கொஞ்சம் டைட்டுதான்” என்று சொல்லி, கைப்பிடிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

நைனா அந்தக் கோட்டைத் துடைக்கவே இல்லை. அதுவாக மழையில் போனது.

இப்போது அந்தக் குப்பமும் பாதி கடலுக்குள் போய்விட்டது, டீக்கடை இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சோதனை வண்டிகள் அந்த ரோட்டில் வருவதை நான் பார்த்து எவ்வளவோ காலமாகிறது. பெரிய வேலையையெல்லாம் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொல்கிறார்கள், எனக்குச் சரியாகத் தெரியாது. என் பேத்தி எண்ணூர்த் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். அவள் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஷோரூமில் சொல்லி வைத்திருக்கிறாள், வண்டி எங்கே வருகிறது என்று தினமும் போனில் எனக்குக் காட்டுகிறாள். அவளுக்குப் பொறுமை இல்லை. எனக்கு இருக்கிறது. வந்ததும் உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று கேட்டாள். ராயபுரம் என்றேன், அங்கே ஒரு மதில் வரும், அது வந்ததும் மெதுவாகப் போ என்றேன்.

நான் எழுதியதில் தப்பு இருக்கலாம். அண்ணன் பேர் நடராசன் தானா, வளைவு இரும்பா மரமா, எல்லாம் யாராவது விசாரித்துத் திருத்த வேண்டும். அந்தப் பக்கம் போகிறவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிசம் நின்று, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்குச் சொன்னால் போதும். நைனாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.