இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது

என் கணவருக்கு ஆபீஸில் வைத்த பெயர் ரப்பர். எதையும் அழிக்கவே மாட்டார் என்பதால் கிண்டலாக அந்தப் பெயர். வீட்டிலும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சாமான் பட்டியலில் சோப்பு இரண்டு என்பதை மூன்றாக்க வேண்டுமென்றால், இரண்டின் மேல் மெல்லிய கோடு, கீழே புது வரியில் மூன்று, பக்கத்தில் காரணம்: தங்கச்சி வருகிறாள்.

"ரெண்டை மூணாக்க இவ்வளவு வியாக்கியானமா?" என்பேன்.

"ஏன் மூணுன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

"யாரு கேக்கப்போறா, சோப்பா?"

சிரிப்பார். ஆனால் அடுத்த முறையும் அதே கோடு.

அந்தப் பழக்கம் கூடவே பிறந்ததல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு மகள் பிறந்து முப்பத்தொரு மணி நேரம் இருந்தாள். அவ்வளவு நேரமும் நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போட்டோ எடுக்கவில்லை. பெயர் வைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஒரு சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கவுன்டரில் இருந்தவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குழந்தைகள்: பூஜ்யம்.

"முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று இவர் கேட்டார்.

"ஒண்ணுன்னு இருந்திருக்கும் சார். பழசு மேல புதுசு ஏறிடும். சிஸ்டம் அப்படி."

"அந்த ஒண்ணு எங்க போச்சு?"

"அதான் சார், போயிடுச்சு."

பஸ்ஸில் திரும்பும்போது, "பூஜ்யம் தப்பு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

அடுத்த வருடம் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, ஒரு மூன்றாவது மாடியில் ஆறு பேர் இருந்த சின்ன ஆபீஸில் சேர்ந்தார். கிளினிக்குகளில் குழந்தைகளின் எடையைப் பதிந்து வைக்கும் புரோகிராம் செய்கிற இடம். அதைப் பலருக்கும் தெரியாத ஒரு கணினி மொழியில், ஃபங்ஷனல் புரோகிராமிங் என்ற முறையில் எழுதினார். காய் நறுக்கிக்கொண்டே எனக்குச் சொல்வார். ஒரு முறை எழுதிய மதிப்பை மாற்றக் கூடாது; எடை தப்பென்றால் சரியானதைப் புதிதாகக் கீழே சேர்க்க வேண்டும், பழையதும் இருக்கும். கணக்குப் போடும் பகுதி, கையில் கொடுத்ததை மட்டும்தான் பார்க்க வேண்டும். கடிகாரத்தை எட்டிப் பார்க்கக் கூடாது, வெளியே எதையும் தொடக் கூடாது. அப்போதுதான் பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அதே பதில் வரும். வெளியிலிருந்து படிப்பதும் வெளியே பதிவதும் வாசலோடு நின்றுவிட வேண்டும், கணக்குக்குள் வரக் கூடாது.

அவருக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ஒரு விவரம் இல்லாமல் போகலாம் என்றால் அங்கே பூஜ்யம் போட்டு ஒப்பேற்ற முடியாது. 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'இல்லை' என்றால் என்ன செய்வது என்று எழுதாவிட்டால், எழுதியதைச் சரிபார்த்து இயங்க வைக்கும் கம்பைலர் சிவப்புக் கோடு போட்டு நிறுத்திவிடும்.

"இல்லாததை மறக்க அது விடாது," என்பார்.

"அப்ப அதையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

"அதுக்கு உன்னளவுக்குத் திட்டத் தெரியாது."

போன வருடம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது, பத்து வருடச் சாமான் பட்டியல்களை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. "சோப்பு எத்தனைங்கறதெல்லாம் பத்திரமா இருக்கு. பெத்த பொண்ணை மட்டும் சுத்தமா மறந்துட்டீங்க" என்றேன்.

அந்தப் பட்டியல் கட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, அலமாரியில் வைத்தார். "சாப்பிடலாமா?" என்று கேட்டார்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் படிக்கட்டில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் அவருடைய பக்கத்து சீட்டுப் பெண் போன் செய்தாள். "அக்கா, ஆபீஸை வேற கம்பெனி வாங்கிடுச்சு. வெள்ளிக்கிழமையோட அண்ணனோட புரோகிராமை நிறுத்துறாங்க. புதுசுல கடைசி மதிப்பு மட்டும்தான் நிக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

போனேன். அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்துத் திரையைத் திறந்தாள். புரோகிராமில் யார் ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தாலும், நானூறு சோதனைகள் தானாக ஓடுமாம். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனைக் குழந்தை. அதற்கு விடை சரியாக வருகிறதா என்று பார்க்கும்.

"எல்லாத்துக்கும் முன்னாடி ஓடுறது இது," என்று முதல் வரியைக் காட்டினாள். "நாங்கல்லாம் சும்மா போட்ட நம்பர்னு நெனச்சோம்."

பெண். எடை இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். பெயர்: இல்லை. முப்பத்தொரு மணி நேரத்துக்குப் பின் எடை: இல்லை. பிறந்த தேதி, அந்தத் தேதி.

வர வேண்டிய விடை: குழந்தைகள் ஒன்று.

"வருஷா வருஷம் அண்ணன் இந்தத் தேதிக்கு லீவ் போடுவார் அக்கா. நேத்துதான் எனக்கு உறைச்சுது."

அந்தத் தேதியிலும் அவர் வீட்டிலிருந்து எப்போதும்போல் டிபன் டப்பாவோடுதான் கிளம்பியிருக்கிறார். எங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று இனி யாரிடம் கேட்பேன்? அவள் எடை என்ன என்று இத்தனை வருடங்களில் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"இது எத்தனை தடவை ஓடியிருக்கும்?"

அவள் தேடிப் பார்த்துச் சொன்னாள். "அறுபத்தோராயிரத்துச் சொச்சம்."

"நான் ஒரு தடவை ஓட்டலாமா?"

எந்த விசை என்று காட்டினாள். அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு வரி: சரி, குழந்தைகள் ஒன்று. மறுபடி அழுத்தினேன். அதே பதில். நாலாவது தடவையோ ஐந்தாவதோ, அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

"புதுசுல இவளைச் சேக்க முடியாதா?" என்று அவள் வந்ததும் கேட்டேன்.

"பேர் இல்லாம அது ஏத்துக்காது அக்கா. ஏதாவது பேர் போடட்டுமா?"

நான் தலையாட்டவில்லை. அவர் இல்லாமல் எப்படி வைப்பது? அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டார்கள். தாளைச் சாமான் பட்டியலுக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது, எடைகூட. ஆனால் தாளிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுவும் பதில் சொல்வதில்லை. அதனால் காலையில் பால் எடுக்க ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கும்போது நானே கேட்டுக்கொள்கிறேன், எத்தனை என்று. ஒன்று என்று நானே சொல்கிறேன்.