சந்தன ஆஸ்துமா

போன ஞாயிற்றுக்கிழமை. படப்பையில் என் மனைவி வசந்தியின் அண்ணன் வீடு. வாசலில் ஷாமியானா. அவர் மகள் நிவேதாவுக்கு நலங்கு முடிந்து, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தின் நட்டநடுவில் வசந்தி. நிமிர்ந்த கழுத்து, வாய் நிறையச் சிரிப்பு.

அவள் முகத்தைப் பார்த்தேன். பகீரென்றது.

இடது இமை. மூக்கை ஒட்டிய ஓரம். மஞ்சளாக...

திரும்பி வந்துவிட்டதா?

பின்கதை தெரியாமல் இந்தப் பகீர் உங்களுக்குப் புரியாது. பதினோரு வருடம் பின்னால் வாருங்கள்.

அப்போதுதான் வசந்தியின் இமைகளில் இரண்டு மஞ்சள் புள்ளிகள் வந்து உட்கார்ந்தன. வலி இல்லை, அரிப்பு இல்லை. கடுகாகத் தொடங்கி, பூசணி விதையாக வளர்ந்தன. "உன் கண்ணுல வெயில் ரெண்டு சொட்டு ஒட்டிக்கிட்டிருக்கு" என்றேன் நான்.

"கவிதை அப்புறம். தொடைச்சா போகுமா, போகாதா?" என்றாள் அவள்.

போகவில்லை. ஆனால் ஊரே துடைத்துப் பார்த்தது! நம் ஊரில் ஒரு பெண்ணின் கண்ணோரம் மஞ்சளாக எதையாவது கண்டால் யாருக்கு டாக்டர் ஞாபகம் வரும்? சந்தனம். இல்லையென்றால், குளித்தும் போகாத மஞ்சள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கர்சீப்பை நீட்டுவார். கொஞ்சம் உரிமை உள்ளவர்கள் விரலையே நீட்டிவிடுவார்கள்.

முதல் பரிசு தனம் அக்காவுக்கு. தாம்பரம் ஸ்டேஷன் சப்வே வாசலில் பூ விற்பவர். ஒருநாள் முழம் போட்டுக்கொண்டே வசந்தியை உற்றுப் பார்த்தவர், "இன்னா கண்ணு, மஞ்சா பூசிக்கினு சரியா கழுவலியா? இரு இரு..." என்று, பூவுக்குத் தெளிக்கும் தண்ணீரில் முந்தானையை நனைத்துத் தேய்த்தே விட்டார்.

"ஐயோ அக்கா, அது மஞ்சள் இல்லக்கா. கொழுப்பு."

"கொழுப்பா? உனக்கா? வாயத் தொறந்தா வார்த்த வராது, உனக்குக் கொழுப்பாமே!"

சிரித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு மழைக்காலத்திலும் கூலிங் கிளாஸ். எங்கள் குடும்ப ஆல்பங்களைப் புரட்டினால் வசந்தி எப்போதும் ஓரம். பாதி முகத்தை யாரோ ஒருவரின் தோள் மறைத்திருக்கும். சொந்தக்காரர்களுக்குத் தனிச் சட்டம்: "அது மஞ்சள் இல்ல. யாரும் தொடாதீங்க. அதப் பத்தி யாரும் எங்கிட்ட பேசாதீங்க." மீறியவர்களோடு ஆறு மாதம் பேச மாட்டாள்.

நிவேதாவுக்குக் கல்யாணம் முடிவான அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் தூக்கி வளத்த பொண்ணுங்க. இந்த ஒரு கல்யாணத்துல... நடுவுல நிக்கணும்."

அவ்வளவுதான் கேட்டாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டர். வயது முப்பதைத் தாண்டாத பெண். "இதுக்குப் பேரு சாந்தலாஸ்மா. இமைத் தோலுக்குள்ள கொலஸ்ட்ரால் படியுது. லேசர்ல எடுத்துடலாம்" என்றார். துணைக்கு வந்திருந்த மச்சானுக்கு ஒரு காது டாக்டரிடம், இன்னொரு காது போனில், பந்தல்காரரோடு. அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட செய்தி: 'தங்கச்சிக்கு சந்தன ஆஸ்துமாவாம். எல்லாரும் வேண்டிக்கவும்.'

சந்தன ஆஸ்துமா! ராத்திரிக்குள் பதினேழு கைகூப்பல்கள், இரண்டு இன்ஹேலர் சிபாரிசுகள், தூதுவளை ரசத்துக்குச் செய்முறை ஒன்று.

டாக்டர் உடனே லேசரைத் தொடவில்லை. "முதல்ல ரத்தத்துல கொழுப்பு எவ்வளவுன்னு பாக்கணும். சார், நீங்களும் குடுத்துடுங்களேன். சும்மாதானே உக்காந்திருக்கீங்க?"

ரிப்போர்ட் வந்தது. வசந்திக்கு எல்லாம் நார்மல். அப்படியும் சிலருக்கு இது வருமாம். என்னுடைய தாளைப் பார்த்த டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

வசந்தி சிரித்த சிரிப்பில் வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கொழுப்பு உங்களுக்கு, நோட்டீஸ் மட்டும் என் மூஞ்சியிலயா? கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன் டாக்டர், இவருக்குக் கொழுப்புன்னு. நம்பவே மாட்டேங்குறாரு!"

அன்றோடு எனக்கும் வடைக்கும் இருந்த நீண்ட உறவு முடிந்தது.

லேசர் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இமையை மரத்துப்போக வைத்து, விழிமேல் சின்னக் கவசம் மாட்டி, புள்ளிகளைச் சுட்டு எடுத்தார்கள். "லேசா பொசுங்குற வாசனை, அவ்ளோதாங்க" என்றாள். வெளியே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் உடம்பெல்லாம் வேர்வை. பிறகு களிம்பு, பொருக்கு. சோப்பு கூடாது, வெயில் கூடாது, ஆறும்வரை மஞ்சள் கூடவே கூடாது. பொருக்கு உதிர்ந்த இடம் இளஞ்சிவப்பாகி, மெல்ல மெல்ல அவள் நிறத்துக்கே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன்னால் ஒரு சின்னத் திருவிழா!

கிளம்பும்போது டாக்டர் சொன்ன ஒரு வரி மட்டும் எனக்குள் முள்ளாய்த் தங்கிவிட்டது. "சிலருக்குத் திரும்ப வரலாம். வந்தா வாங்க."

மூன்று மாதம் கழித்து, இதோ... வந்துவிட்டது. அவள் நடுவில் நின்ற முதல் போட்டோவிலேயே.

மச்சான் என் காதோரம் வந்தார். "மாப்ள, கவனிச்சீங்களா? அந்த சந்தன ஆஸ்துமா..."

"பாத்தேன் மச்சான்."

"சொல்லிடாதீங்க. இன்னிக்கு ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கட்டும்."

பந்தி முடிவதற்குள் நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. நாற்பது பேரும் மூச்சு விடவில்லை. அவள் திரும்பும்போதெல்லாம் எல்லோரும் ஷாமியானாவின் ஜரிகையை ரசித்தார்கள். அவளோ ஒவ்வொரு போட்டோவுக்கும் ஓடி ஓடிப்போய் நடுவில் நின்றாள். என் இலையில் வடை விழுந்தது, தொடவில்லை. டாக்டருக்குப் பயந்து அல்ல.

மாலையில் பஸ் பிடித்து மேற்குத் தாம்பரத்தில் இறங்கினோம். வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது? வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கினேன், கலைத்தேன். சொற்களை வைத்தே பிழைப்பவனுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

சப்வே வாசல். தனம் அக்கா.

"இன்னா கண்ணு, விசேஷமா? ஆளே பளபளன்னு கீறே! ஐய்ய... இன்னும் அதே மஞ்சாவா?"

முந்தானை தண்ணீருக்குள் போனது.

"அக்கா, வேணாம்க்கா—" நான் பாய்வதற்குள் ஒரே தேய்ப்பு.

"வந்துட்ச்சி பாரு!"

முந்தானையில் மஞ்சள் கறை. மல்லிகையை மீறி வந்தது சந்தன வாசனை. இமையில்? ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்ட வானம்.

வசந்தி என் போனைப் பிடுங்கி, கேமராவில் முகம் பார்த்தாள். "நலங்கு முடிஞ்சதும் நிவி கட்டிப்புடிச்சாளே, அப்ப ஒட்டிக்கிட்டது! காலைலேர்ந்து இப்படியேவா இருந்தேன்? அத்தன பேர்ல ஒருத்தர்கூட தொடைக்கலயே... ஏங்க, நீங்ககூடவா?"

சொன்னேன். எல்லாவற்றையும். முள், நாற்பது பேர், தொடாத வடை.

அவள் சப்வே படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு. மின்சார ரயிலிலிருந்து இறங்கிய கூட்டமெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் நின்றபடியே சிரித்தேன். கண்ணில் நீர் முட்டியது.

வியாழக்கிழமை முகூர்த்தத்திலும் அவள் நடுவில்தான் நின்றாள். இந்த முறை ஒவ்வொரு க்ளிக்குக்கும் முன்னால் மச்சான் கர்சீப்போடு ஓடி வந்து சரிபார்த்தார். நலங்கு போட்டோக்களைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டார் போட்டோகிராபர். "அந்தப் புள்ளிய மட்டும் தொட்டீங்க, அவ்ளோதான்!" என்றாள்.

முகூர்த்தம் முடிந்து திரும்பும்போதும் சப்வே வாசலில் தனம் அக்கா விடவில்லை. "பதினோரு வருசமா நான் இன்னா சொன்னேன்? மஞ்சான்னு சொன்னேனா இல்லியா? கொழுப்பாமே, கொழுப்பு!"

நாங்கள் மறுத்துப் பேசவில்லை. இரண்டு முழம் கூடுதலாக வாங்கிக்கொண்டோம்.

டாக்டர் மன்னிக்க வேண்டும் — தாம்பரம் சப்வே வாசலைப் பொறுத்தவரை, வசந்தியைக் குணப்படுத்தியது ஒரு ஈர முந்தானை!