நடிப்புக்கு வைத்த ஒப்பாரி

நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். எங்கள் தையல் கடையில் யாராவது பேய், முனி என்று தொடங்கினால் மெஷினை இன்னும் பலமாக மிதித்து அந்தச் சத்தத்திலேயே கதையை அமுக்கிவிடுகிற ஆள் நான். செத்தவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்பேன்.

தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, நானும் அம்மாவும் மட்டும்தான். எனக்கு முப்பத்தாறு வயது. கலியாணப் பேச்சுகள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன, அதற்குக் கவலைப்படுவதையும் விட்டாயிற்று. சாகாமல் கிடந்தது ஒரே ஓர் ஆசைதான், நடிக்கவேண்டும். பள்ளிக்கூட நாடகத்தில்கூட என்னைத் திரை இழுக்கத்தான் விட்டார்கள், இந்த முகத்துக்கு யார் வாய்ப்புத் தருவார்கள் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் போன வருடம் முகநூலில் அந்த அறிவித்தலைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கிறார்களாம், கடலில் மகனைப் பறிகொடுத்த தாயாக நடிக்கப் புதுமுகம் வேண்டுமாம், அழுகிற காட்சியைப் போனில் எடுத்து அனுப்பவேண்டுமாம். இதுவும் சரிவராவிட்டால் இனி ஒன்றுக்கும் ஆசைப்படுவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

வீட்டில் பழகிப் பார்க்க அம்மா விடவில்லை. நான் குரலெடுத்ததுமே குசினியிலிருந்து அகப்பையோடு வந்துவிட்டார்.

"செத்தவீடு இல்லாத வீட்டிலை ஒப்பாரி வைக்கக்கூடாது பிள்ளை. சத்தம் கேட்டால் சனம் வரும். ஆருக்கு எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"இது நடிப்பு அம்மா."

"கேக்கிற ஆளுக்கு அது தெரியுமோ?"

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் பெண்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். யார், எவர் என்று பாராமல் பக்கத்தில் குந்தி, கட்டிப்பிடித்து, தலையோடு தலை வைத்து அழுவார்கள்.

கடையில் என்னோடு தைக்கிற சுகிதான் வழி சொன்னாள். மயிலிட்டியில் அவளுடைய பெரியப்பாவின் வீடு இருக்கிறது. சண்டைக்காலத்தில் பிடித்த காணியை ஆமிக்காரர் திருப்பிக் கொடுத்தபிறகும் அவர்கள் திரும்பி வரவில்லை. கூரையும் இல்லை, கதவும் இல்லை, சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அங்கே எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆளில்லை என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவளுடைய ஸ்கூட்டியில் போனோம். நல்ல வெயில், பயப்பட ஒன்றுமே இல்லாத நேரம்.

சுகி சுவரோரம் நின்று போனைப் பிடித்தாள். நான் பழைய சீலையைக் கட்டிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்து "என்ரை ராசா" என்று தொடங்கினேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தும் ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

"நீ அழேல்லையடி, கத்துறாய்" என்றாள் சுகி.

அது எனக்கும் தெரிந்ததுதான். நடிப்புமில்லை ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போவோம் என்று நினைத்துக்கொண்டே கடைசியாக ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினேன். அப்போதுதான் இடது பக்கத்தால் ஒரு கை என் கழுத்தைச் சுற்றியது. நம்பினால் நம்புங்கள், பாரமான, சூடான கை. ஒரு தலை என் தலையோடு வந்து சாய்ந்தது, நல்லெண்ணெய் மணந்தது. சுகிதான் எனக்கு அழுகை வரட்டும் என்று போனை எங்கேயோ வைத்துவிட்டு வந்து கட்டிப்பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான், எனக்குள் என்னவோ உடைந்தது. நடக்காத கலியாணம், இழுத்த திரை எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். அந்தக் கை என்னைப் பிடித்து ஆட்டி ஆட்டி அழவைத்தது.

கண்ணைத் திறந்தால் சுகி எனக்கு நேரே, அதே சுவரோரம், இரண்டு கையாலும் போனைப் பிடித்தபடி நிற்கிறாள். கழுத்தில் கை இல்லை. செத்தவீட்டில் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை, அந்தக் கையும் அப்படித்தான் போயிருந்தது.

"இப்பதானடி சரி. நானே அழுதிட்டன்" என்றாள் சுகி.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்த வீடியோவை அனுப்ப மனம் வராது என்று பயந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தேன். நான் தனியாகத்தான் இருக்கிறேன், என் குரல் மட்டும்தான் கேட்கிறது. ஆனால் விழுந்துவிடுகிற அளவுக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கிறேன், விழவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை படக்காரர்களிடமிருந்து ஒருவர் போனில் கதைத்தார்.

"அக்கா, உங்கடை வீடியோ பாத்தனாங்கள். டிரெக்டருக்கு நல்லாப் பிடிச்சிருக்கு."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுத அம்மா ஆர்? அவவின்ரை நம்பரைத் தரேலுமே?"

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. நான் தனியத்தான் இருந்தனான்."

"பகிடி விடாதேங்கோ அக்கா. நீங்கள் மகனைச் சொல்லி அழுறீங்கள், அவ உங்கடை முகத்தைத் தடவித் தடவி 'என்ரை வவா, என்ரை வவா' எண்டு அழுறா. குறை நினையாதேங்கோ, டிரெக்டர் அவவைத்தான் கேக்கிறார்."

இல்லை, இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். பொறாமையில் மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார், போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவே இல்லை. அந்தப் பாத்திரத்தில் வேறு யாரோ நடிக்கிறார்களாம். நடிப்பு ஆசை எனக்கு அன்றோடு செத்துவிட்டது, அதை என்னால் தாங்கிக்கொள்ள முடிகிறது.

தாங்க முடியாதது வேறு. நான் அவர்களுக்குக் கொடுத்த பெயர் கௌசல்யா. வவா என்பது குழந்தையில் அம்மா என்னைக் கூப்பிட்ட பெயர், நான் பெரியபிள்ளையானதோடு அதை விட்டுவிட்டார். அம்மாவையும் என்னையும் தவிர அது யாருக்கும் தெரியாது, சுகிக்குக்கூட. உயிரோடு இருக்கிறவர்களைச் சொல்லி யாரும் ஒப்பாரி வைப்பதில்லை.

அம்மாவுக்கு இதை நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் அவர் ஒருமுறை கூப்பிட்டாலே, கிணற்றடியில் நின்றாலும் ஓடிவந்து முகத்தைக் காட்டிவிட்டுத்தான் போகிறேன்.