சிவப்புக் காலுறை

எங்கள் ஊரில் ஜனவரி மாதம் யாராவது தும்மினால், தும்மல் தரையில் விழுந்து கண்ணாடி மாதிரி உடையும். பெருக்கித் தள்ள ஆள் வைத்திருக்கிறோம். இதை நீங்கள் நம்ப வேண்டாம். ட்வைலாவின் காலுறை விஷயத்தை மட்டும் நம்புங்கள். அதை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

ட்வைலா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் எங்கள் ஊரான லார்க்வுட்டைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பண்ணைகளின் பிள்ளைகளைக் காலையில் பொறுக்கிச் சேர்த்துப் பள்ளியில் கொட்டுவாள்; மாலையில் அதே பிள்ளைகளை வாசல் வாசலாக விதைத்துக்கொண்டே திரும்புவாள். அவள் "உட்காரு" என்று ஒரு சத்தம் போட்டால் பஸ்ஸில் நிற்கிற பிள்ளை மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் மேய்கிற மாடும் உட்காரும். ரயில் தண்டவாளம் வந்தால் பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்த பிறகுதான் தாண்ட வேண்டும் என்பது சட்டம். கதவு திறந்ததும் குளிர் உள்ளே பாயும், யாரும் ஏறமாட்டார்கள். "யாருக்காக மிஸ் திறக்கிறீங்க?" என்று சின்னதுகள் கத்தும். "உங்க வாய மூடுறதுக்காக" என்பாள்.

பஸ் புறப்படுவது அவள் வீட்டு முற்றத்திலிருந்துதான். அந்த முதல் நிறுத்தத்தில் ஏற ஒரு பிள்ளை வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

கணவன் லைல் கோதுமை விவசாயி. டிராக்டரிடம் பேசுவதில் பாதிகூட மனிதர்களிடம் பேசமாட்டான். சஸ்கடூன் நகரத்து மருத்துவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பரிசோதித்துவிட்டு, காரணம் தெரியவில்லை என்பதற்கே ஒரு நீளமான பெயர் வைத்தார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்கி, உறைய வைத்து, ஒவ்வொன்றாகக் கருப்பையில் வைத்துப் பார்ப்போம் என்றார்கள். அப்போதுதான் ட்வைலா, வின்னி மா என்பவளின் கதவைத் தட்டினாள்.

வின்னி இந்த ஊரிலேயே பிறந்த சீனப் பெண். அப்பா அம்மா நடத்திய உணவுக்கடைக்கு இப்போது அவள்தான் முதலாளி. முன்பக்கம் உருளைக்கிழங்கு வறுபடும். பின் அறையில் அவள் வான்கூவரில் முறையாகப் படித்துவிட்டு வந்த அக்குபங்சர் ஊசி வைத்தியம் நடக்கும். காய்ந்த மாசிபத்திரி மூலிகையைச் சுருட்டிப் பற்றவைத்து, ஊசி குத்திய இடத்துக்குப் பக்கத்தில் சூடு காட்டுவாள். அந்தப் புகை வாசத்தை ஒருமுறை போலீஸ்காரர் கஞ்சா என்று நினைத்து உள்ளே புகுந்தார். தோள்வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு, சூப்பும் குடித்துவிட்டுப் போனார். கர்ப்பிணிகள் குமட்டலுக்கும் இடுப்புவலிக்கும் வருவார்கள். வயிற்றுப் பிள்ளை தலை திரும்பாமல் உட்கார்ந்திருந்தால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தாயின் கால் சுண்டுவிரல் ஓரமாகச் சூடு காட்டுவாள். சில பிள்ளைகள் திரும்பும், சில திரும்பாது. திரும்பியதை மட்டும் ஊர் பேசும்.

பிள்ளை வேண்டும் என்று வருகிறவளிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: "இதப் பாரும்மா, பிள்ளை குடுக்கிறது என் வேலை இல்ல. அதுக்கு சஸ்கடூன்ல டாக்டருங்க இருக்காங்க. நான் குடுக்கிறது தூக்கம். கூடவே பயம் கொஞ்சம் குறையும். சரின்னா படு. இல்லேன்னா முன்னாடி போய் சூப் குடி."

யார் காதில் விழுந்தது? எல்லோரும் படுத்தார்கள்.

வின்னிக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கால் சில்லென்று இருந்தால் ஊசியை எடுக்கமாட்டாள். அதற்காக ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறை வைத்திருந்தாள். பெண்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளை பெற்றவள் தான் போட்டிருந்த காலுறையைத் துவைத்து, மேல் விளிம்பில் வண்ண நூலால் ஒரு தையல் போட்டுத் திருப்பித் தருவது என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். அடுத்தவள் கரு வைக்கப் போகும் நாளில் அதைப் போட்டுக்கொண்டு போவாள். "இது என் வைத்தியம் இல்லடீ, உங்க பைத்தியம்" என்று வின்னி தலையில் அடித்துக்கொண்டாள். சிவப்பு ஜோடி ஒன்றில் விளிம்பே தெரியாத அளவுக்கு நூல் ஏறிவிட்டது. அதை வாங்கினவள் பிள்ளை பெறுகிறவரை, அல்லது போதும் என்று அவளே சொல்கிறவரை, வைத்துக்கொள்ளலாம்.

அது ட்வைலாவிடம் போனது. நான்கு வருஷம் திரும்பி வரவில்லை.

ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுக்கொண்டு சஸ்கடூன் போனாள். வருகிற வழியில், கரு வைத்துக்கொண்ட எல்லாப் பெண்களும் ராசிக்காகச் செய்வதுபோல, உப்புத் தூக்கலான உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டாள். லைல் சாலையைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்பான்: "கால் சூடா இருக்கா?" அவனுக்குத் தெரிந்த காதல் வசனம் அதுதான். போதுமா என்று ட்வைலாவைக் கேட்க ஊரில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை. பார்வை மட்டும் அவள் பூட்ஸுக்கு இறங்கி இறங்கி ஏறும்.

கடைசிக் கருவும் நிற்கவில்லை. உறைய வைத்தது அவ்வளவுதான், தீர்ந்துவிட்டது. சேதி தெரிந்து இரண்டு வாரம் கழித்து, டீசல் போடுகிற இடத்தில் கெல்சி வந்து நின்றாள். சின்ன வயதில் திங்கள்கிழமை தவறாமல் ட்வைலாவின் பஸ்ஸில் வாந்தி எடுத்தவள். இப்போது கல்யாணமாகி வங்கியில் வேலை.

"மிஸ் ட்வைலா, எனக்கு வியாழக்கிழமை வைக்கிறாங்க."

"என்னத்த? பல்லா?"

"கரு, மிஸ். மூணாவது தடவ."

"அத ஏன் என் பூட்ஸ்கிட்ட சொல்ற? வாந்தி வரப்பவும் இப்படித்தான் குனிஞ்சுக்கிட்டு நிப்ப."

கெல்சிக்குச் சிரிப்பு வரவில்லை. டீசல் குழாய் டக்கென்று நின்றது. ட்வைலா அதை மாட்டிவிட்டு, கையுறையை ஒருமுறை கழற்றி மாட்டினாள்.

"புதன்கிழமை வின்னிகிட்ட வா. குடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து துவைக்கப் போட்டாள். நான்கு வருஷத்துப் புகை, டீசல், வியர்வை. கம்பளியைக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும் என்பது எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். லைல் ஒருமுறை ஸ்வெட்டரைப் பாழாக்கியதற்கு அவள் போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரை தளர்ந்தது. அன்று அவள் கையே வெந்நீர்ப் பொத்தானை அழுத்தியது. பிறகு உலர்த்துகிற இயந்திரத்திலும் தள்ளியது. கதவைத் திறந்தபோது சிவப்புக் காலுறை கட்டைவிரல் நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அன்றுதான் பிறந்த குழந்தைக்கு அளவெடுத்த மாதிரி. நூல்கள் எல்லாம் அப்படியே, நெருங்கி அடித்துக்கொண்டு நின்றன.

அதை உள்ளங்கையில் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர் மருந்துக்கடைக்குப் போனாள். எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரருக்கு வாய் நிற்காது. கர்ப்பம் பார்க்கிற பட்டையை வாங்கி வந்தாள். அதில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது; இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை நானும் கடை முன்பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். தற்செயல்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ட்வைலா வந்து காலுறையை மேசைமேல் வைத்தாள். கரண்டிகள் நின்றன. பரிமாறுகிற மார்ஜ்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடியம்மா! ட்வைலா, இது அடையாளம்டீ! மேல இருக்கிறவரு கால் அளவு சொல்லி அனுப்பிச்சிருக்காரு!"

"கேட்டுப் பாத்துட்டேன் மார்ஜ்" என்றாள் ட்வைலா. "அடையாளம் இல்ல. வெந்நீர்."

பின் அறைக் கட்டிலில் கால் நீட்டியிருந்த கெல்சி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் உதடு கோணியது. "நாளைக்கு நான் எதப் போட்டுக்கிட்டுப் போவேன்?"

வின்னி அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள். "ஐஸ் கட்டி! இந்தக் கால வச்சுக்கிட்டு ஊசியா? ராசியும் வேணாம் கீசியும் வேணாம், கூடையில இருந்து ஒண்ண எடுத்து மாட்டு."

கெல்சி கூடையைப் பார்க்கவே இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

ட்வைலா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, உள்ளே போட்டிருந்த சாம்பல் நிறக் காலுறையை உரித்தாள். காலையிலிருந்து பஸ் ஹீட்டரின் ஓரமாக இருந்த கால் அது.

"இந்தா. ஒரு நூல்கூட வாங்கினதில்ல. ராசி கிடையாது. நாத்தம் உண்டு. ஆனா சூடு."

கெல்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மாட்டினாள். முழங்கால் வரைக்கும் வந்தது. அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது.

"அட கடவுளே" என்று வின்னி முகத்தைத் திருப்பினாள். "இதுக்கு என் புகையே தேவலாம்." பிறகு ஊசியை எடுத்தாள்.

ட்வைலா கிளம்பும்போது வின்னி அந்தச் சிவப்புக் காலுறையை எடுத்து அவள் கோட்டுப் பைக்குள் திணித்தாள். "இனிமே இது வேற யாருக்கும் ஆகாது. நீயே வச்சுக்க."

"வச்சுக்கிட்டா நான் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கேன்னு ஆயிடுமே, வின்னி."

"ஆகட்டுமே. கேக்கறத நிறுத்தணும்னு உனக்கு யாருடீ சொன்னா?"

ட்வைலா வெறுங்காலைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு மாலைப் பிள்ளைகளை ஏற்றப் போனாள். லைல் வழக்கமான கேள்வியை அன்று வாசலிலேயே கேட்டான். "இல்ல" என்றாள் ட்வைலா. அவன் அடுப்படியில் உட்கார்ந்து அவள் பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டானாம். இதை ட்வைலாவே சொன்னாள். என் கற்பனை இல்லை.

கெல்சிக்கு அந்த முறை நிற்கவில்லை. அடுத்த முறை நின்றது. சாம்பல் காலுறை, குளிர்ந்த நீரில் துவைத்து, ஒரு பச்சை நூல் தையலோடு கூடைக்கு வந்து சேர்ந்தது. இப்போது அதற்குத்தான் அடிதடி.

சிவப்புக் குட்டி ஜோடி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துக் கொக்கியில் தொங்குகிறது. பள்ளி நிர்வாகம் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு அலுத்துப்போனது. புதிதாக ஏறுகிற வாண்டு ஒவ்வொன்றும் கேட்கும்:

"மிஸ், அது யாரோடது?"

"இன்னும் ஏறாதவங்களோடது. போய் உட்காரு."

தண்டவாளத்தில் பஸ் நிற்கிறது. கதவு திறக்கிறது. ரயில் இல்லை, காற்று மட்டும்தான். சட்டத்துக்கு அந்த அளவு போதும். ட்வைலா கையைக் கதவு நெம்புகோலில் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் வெளியே பார்க்கிறாள். பின்னால் பிள்ளைகள் குளிருது, குளிருது என்று கத்துகிறார்கள்.