சிவப்புப் புள்ளி வைத்த கரண்டி

என் சமையலறையில் ஓர் எவர்சில்வர் கரண்டி மற்றக் கரண்டிகளோடு சேராமல் தனி ஆணியில் தொங்குகிறது. அதன் காம்பு நுனியில் சிவப்பு நெயில் பாலிஷால் வைத்த ஒரு புள்ளி, பாதி உரிந்த நிலையில். வைத்தவள் என் பெரியம்மா. தன் நகத்துக்கு ஒருநாளும் போட்டுக்கொள்ளாதவள், இதற்காக மர்பி டவுன் பேன்ஸி ஸ்டோருக்குப் போய்க் கேட்டு வாங்கினாள். கடைக்காரர் “உங்களுக்காம்மா?” என்று சிரித்தாராம். “என் கரண்டிக்குப்பா, அதுக்குக் கல்யாணம்” என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

அது எனக்கான கரண்டி. அம்மா இறந்தபின் நான் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தேன். வந்த புதிதில், பக்கத்து வீட்டில் கொடுத்த வேர்க்கடலைச் சட்னியைத் தொட்டு நக்கிவிட்டு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கண் செருகிப் போய்விட்டேன். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில் செருப்புகூட இல்லாமல் அல்சூர் ஆஸ்பத்திரிவரை ஓடியிருக்கிறாள். இந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை விஷம், ஒரு துணுக்கு பட்டாலும் ஆபத்து என்று அங்கே டாக்டர் சொன்னதை வீட்டில் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். நம்பியவள் அவள் ஒருத்திதான். அன்றோடு கடலை எண்ணெய் வீட்டைவிட்டுப் போனது.

அந்த வீட்டில் ஒரே சமையல் என்று எதுவும் கிடையாது. பெரியப்பாவுக்குச் சர்க்கரை, அவருக்கு ராகிக் களியும் கீரையும். வெள்ளிக்கிழமை வரும் பெரியம்மாவின் நாத்தனாருக்குக் கவிச்சி பட்ட பாத்திரமே ஆகாது. பெரியம்மாவின் மகளுக்கோ, நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு, கறி இல்லாவிட்டால் சோறு இறங்காது. இத்தனையும் ஒரு சின்ன அடுப்பில் நடக்கும். முதலில் என்னுடையதை ஆக்கி, மூடி, பரண்மேல் ஏற்றிய பிறகுதான் மற்றவர்களுடையதைத் தொடுவாள். விருந்தாளி வந்தால் வாசலிலேயே பையில் என்ன என்று கேட்பாள். “ஏர்போர்ட்லகூட இவ்ளோ செக்கிங் இல்லடி” என்று பெரியப்பா கிண்டல் செய்வார். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள்: “ஒரு வாய்தானே, என்ன ஆயிடும்?” அதைக் கேட்டாலே அவளுக்கு முகம் கறுத்துவிடும். “அந்த ஒரு வாய்தாங்க என் தங்கச்சி புள்ளையக் கொல்லும்” என்பாள்.

அக்காவைப் பெண் பார்க்க ஓசூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. அக்காவுக்கும் பிடித்திருந்தது. தட்டு மாற்றாத குறைதான். அன்று மட்டும், சம்பந்தி ஆகப்போகிறவர் என்ற மரியாதையில், பெரியம்மா பையைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் அக்காவும் உள்ளே காபி கலந்துகொண்டிருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் அம்மா ஒரு டப்பாவைத் திறந்தார். அவர் கையால் பிடித்த கடலை உருண்டை. கதவோரம் நின்ற என்னை இழுத்து அணைத்து, “மொதல் இனிப்பு நீ சாப்புடு கண்ணு” என்று வாயருகே கொண்டுவந்தார். “அதுக்கு ஆகாதுங்க” என்று பெரியப்பா எழுவதற்குள், “ஒரு வாய்தானேண்ணா, என்ன ஆயிடும்?” என்றார்.

உருண்டை உதட்டில் படப்போன நொடியில் பெரியம்மாவின் கை எங்கிருந்தோ பாய்ந்து வந்தது. தட்டிய வேகத்தில் உருண்டை சுவரில் போய் விழுந்தது. அந்த அம்மாவின் கண்ணாடி வளையல் ஒன்றும் உடைந்து தரையில் சிதறியது. சுமங்கலி கை வளையல், அதுவும் பெண் பார்க்க வந்த வீட்டில். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். பெரியம்மா என் உதட்டை முந்தானையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்கத் தெருவுக்கு ஓடினாள். அதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. “நான் உனக்குப் பொண்ணா, அவ உனக்குப் பொண்ணா?” என்று அக்கா கேட்டாள். பெரியம்மா வளையல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா பிறகு மைசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தப் பேச்சை நாங்கள் இன்றுவரை எடுத்ததில்லை.

இப்போது பெரியம்மா எலெக்ட்ரானிக் சிட்டியில் என் ஃபிளாட்டில் படுத்திருக்கிறாள். ஸ்ட்ரோக். வலப்பக்கம் போய்விட்டது, தொண்டையும் போய்விட்டது. தண்ணீர் மாதிரி ஓடுகிற எதைக் கொடுத்தாலும் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடும் என்கிறார்கள். ஒரு தடவை போய், நிமோனியா வந்து பிழைத்ததே பெரிய விஷயம். எல்லாவற்றையும் அரைத்து, மாவைப் போட்டுக் கெட்டியாக்கித்தான் ஊட்ட வேண்டும். தண்ணீரைக்கூடக் கூழாக்கித்தான் தருகிறேன். அவள் துப்புகிறாள். நாளுக்கு நாள் எலும்பாகிறாள். என் வீட்டிலும் ஒரே சமையல் கிடையாது. கணவருக்கு உப்பு ஆகாது, மகள் பால், தயிரையெல்லாம் விட்டுவிட்டாள். அதையெல்லாம் சமாளித்துவிடுவேன். இந்த ஒரு கிண்ணத்தோடுதான் என்னால் முடியவில்லை. எனக்கு மறுத்தபோது நான் அழுதேன், அடம்பிடித்தேன், ஆனாலும் வளர்ந்தேன். இவளுக்கு நான் எதற்காக மறுக்கிறேன்? இனி வளரவா போகிறாள்? கடவுளே, கொடுத்தால் மூச்சு நிற்கும், கொடுக்காவிட்டால் இப்படியே காய்ந்து போவாள். யாராவது ஒருவர் வந்து எது சரி என்று சொல்லிவிட்டால் அவர் காலில் விழுவேன்.

நேற்று மதியம் ரசம் வைத்தேன். பெரியம்மாவுக்குச் சாப்பாட்டைவிட ரசம்தான் உயிர். கடைசியில் ஒரு டம்ளர் தனியாகக் குடித்தால்தான் எழுவாள். தாளித்த வாசனை அறைக்குள் போனதும் முனகத் தொடங்கினாள். என்னவோ என்று கையிலிருந்த கரண்டியோடு அப்படியே ஓடினேன். என் சிவப்புப் புள்ளிக் கரண்டி, அதில் கொஞ்சம் ரசம். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வாயை நோக்கி இழுத்தாள். குழறிய நாக்கில் வார்த்தைகள் தெளிவாகவே வந்தன.

“ஒரு வாய்டி. என்ன ஆயிடும்?”

தன் மகளின் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்து அவள் வாசலில் நிறுத்திய சொல். “வேணாம் பெரிம்மா” என்று வெடுக்கென்று இழுத்தேன். ரசம் அவள் கழுத்தில் கட்டியிருந்த துவாலையில் கொட்டியது. அவள் என்னைத் திட்டவில்லை. நனைந்த துவாலையை மெதுவாகத் தூக்கி, அதன் முனையை வாயில் வைத்து உறிஞ்சினாள்.

அதையும் பிடுங்கினேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய்த் துவாலையைத் தண்ணீரில் போட்டேன். அழுதுகொண்டே கரண்டியைக் கழுவி, மற்றவற்றில் படாமல் அதன் ஆணியில் மாட்டினேன்.