ஜெயசுதா அனுப்பிய போட்டிகளும் அனுப்பாத ஒன்றும்

பச்சமுத்துவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் மகள் ஜெயசுதாவுக்கு வந்த சான்றிதழ்கள் எல்லாமே அவருக்குப் பரிசாகத்தான் தெரிந்தன. செஞ்சி நெல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிவிட்டு வந்ததும், அவள் பிரின்ட் போட்டு வைத்திருந்த தாளைக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போய் லேமினேஷன் செய்துகொண்டு வருவார். கூடத்துச் சுவரில் ஆணி அடிக்க இடமில்லாமல் போனது.

"இது எத்தினியாவதும்மா?"

"முப்பத்தாறு நைனா."

"யப்பா!" என்று அவர் கை தட்டும்போது, கலந்துகொண்டதற்கு நன்றி என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எழுதியிருக்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த போட்டியைத் தேடுவாள்.

அப்போது அவள் புதுச்சேரியில் கிராஃபிக் டிசைன் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ்ஸில் செஞ்சியில் ஏறுவாள். வல்லத்தில் மோனிகா ஏறுவாள். மேல்சித்தாமூர்க்காரி, அதே வகுப்பு. இடம் பிடிக்க ஜெயசுதா போட்டுவைத்த துப்பட்டாவை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவாள். உட்கார்ந்ததும் இருவருக்கும் சண்டை தொடங்கிவிடும். சண்டை எப்போதும் எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்பதைப் பற்றித்தான்.

ஜெயசுதாவுக்குக் கட்டணம் இல்லையென்றால் போதும். சோப்பு உறை, மாரத்தான் பனியன், பல் மருத்துவமனை லோகோ, எதையும் விடமாட்டாள். மோனிகா அப்படியில்லை. விதிமுறைகளைக் கடைசி வரி வரை படிப்பாள். நடுவர்கள் யாரென்று தேடிப் பார்ப்பாள். பிறகு ஒரு கேள்வி கேட்பாள்.

"போட்டியே இல்லன்னாலும் இத நீ வரைவியா சுதா?"

"பல்லு லோகோவ எவ வரைவா?"

"அப்ப எதுக்கு அனுப்புற?"

"சும்மா கெடக்குற நேரத்துக்கு ஒரு சர்டிபிகேட்டு. உனக்கு இன்னா நோவுது?"

"அனுப்புற படமெல்லாம் அவங்களுக்கே சொந்தம்னு கீழ போட்டிருக்கான் பாரு. நூறு பேர சும்மா வேல வாங்கப் போறான்."

இரண்டு வருடத்தில் மோனிகா அனுப்பியது இரண்டே இரண்டு.

மூன்றாம் வருடம் சென்னையில் ஓர் அமைப்பு மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. படிக்கத் தெரியாதவர்களும் கூட்டத்தில் வழி கண்டுபிடிக்கும்படி ஏதாவது செய்து, அதைச் சோதித்தும் பார்த்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கி அனுப்ப வேண்டும். முதல் பரிசு, பெயர்பெற்ற ஒரு ஸ்டுடியோவில் மூன்று மாதப் பயிற்சி. பஸ் திண்டிவனம் தாண்டும்வரை மோனிகா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது" என்றாள்.

எங்கே என்று இருவரும் யோசிக்கவே இல்லை. மேல்மலையனூர் கோயிலுக்கு அமாவாசையன்று வரும் கூட்டத்தில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸைத் தேடி அலையாத பெண் உண்டா? மூன்று திசைக்கு மூன்று படம் வரைந்தார்கள். திருவண்ணாமலைக்கு விளக்கு, விழுப்புரத்துக்கு ரயில், புதுச்சேரிக்கு அலை. பெரிதாக அச்சடித்துக்கொண்டு, அமாவாசையன்று மத்தியானமே போய், தற்காலிக பஸ் நிலையத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்த இளையபெருமாளிடம், பஸ்களின் முன்கண்ணாடியில் ஒட்ட அனுமதி கேட்டார்கள்.

"டிரைவருக்கு மறைக்காம ஒட்டுங்கம்மா. அவன் எங்கிட்டதான் கத்துவான்" என்றார் அவர்.

ஒட்டி முடித்த கால் மணி நேரத்தில் விளக்குப் படத்துக்கு யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அதன் பிறகு வந்தவர்களும் வைத்தார்கள். அது போகட்டும், ஏறவேண்டியவர்கள் சரியாகத்தான் ஏறினார்கள். அலைதான் கெட்டுப்போனது. புதுச்சேரிக்குப் போக வேண்டிய சின்னப்பொண்ணு என்ற அம்மாள் கூடையோடு அந்தப் பஸ்ஸின் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏறவில்லை.

"யக்கா, இதான் பாண்டி பஸ்ஸு. ஏறலியா?"

"பாம்பு போட்டிருக்குதேம்மா. புத்துக் கோயிலுக்குப் போற பஸ்ஸு இல்லியா இது?"

ஜெயசுதா சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள், மூன்று ஆண்டுகளாகத் தன் படங்களைக் கம்ப்யூட்டரில் அனுப்பியதைத் தவிர, பயன்படுத்தப்போகிற ஒருவரிடமும் காட்டியதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் மோனிகா அந்த அம்மாளின் கூடையை வாங்கி, நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்னால் ஓடி, ஏற்றிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் அலையை அடித்துவிட்டுப் படகு வரைந்தார்கள். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் போனார்கள். படகை யாரும் பாம்பென்று கும்பிடவில்லை.

விளக்கக் கட்டுரையை மோனிகா சொல்லச் சொல்ல ஜெயசுதா எழுதினாள். அனுப்பும் நாளில்தான் சிக்கல் வந்தது. விதிமுறையில் எங்கும் இல்லாதது படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெயருக்கு ஒரே கட்டம். கீழே, இது முழுக்க என் ஒருவரின் படைப்பு என்று உறுதி சொல்ல வேண்டும்.

"உன் பேர்ல அனுப்பு சுதா" என்றாள் மோனிகா. "எங்க வீட்ல மூணு மாசம் சென்னைக்கு விடமாட்டாங்க. உனக்குத்தான் ஆவும்."

ஜெயசுதாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. மறுநாள் லேபில் தனியாக உட்கார்ந்து, கட்டுரையில் 'நாங்கள்' என்று வந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிக்கொண்டே வந்தாள். நான் அனுமதி கேட்டேன், சரி. நான் ஒட்டினேன், சரி. சின்னப்பொண்ணு அம்மாளை நான் ஓடிப்போய்ப் பஸ் ஏற்றினேன் என்ற வரியில் கை நின்றது. அதை நீக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். அலைக்குப் பதிலாகப் படகு வரையலாம் என்று நான் முடிவு செய்தேன். படகு என்று முதலில் சொன்னது யார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

இருவர் சேர்ந்து அனுப்பலாமா என்று அமைப்புக்கு மெயில் அனுப்பினாள். இந்த ஆண்டு தனிநபர் மட்டும், மன்னிக்கவும் என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்தது. அவள் அனுப்பவில்லை.

மறுநாள் பஸ்ஸில் சொன்னபோது, மோனிகா தன்னைக் கட்டிக்கொள்வாள் என்றுதான் ஜெயசுதா நினைத்திருந்தாள். மோனிகாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு வேணாம்னு நான்தானே சொன்னேன்? எனக்காக நீ எதுக்கு முடிவு பண்ற? ரெண்டு மாச வேல, யாருக்குமே இல்லாம போச்சே!"

திண்டிவனத்தில் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். மூன்று நாள் பேசவில்லை. வீட்டில் பச்சமுத்து சான்றிதழ் எங்கே என்று கேட்டார். ஜெயசுதா நடந்ததைச் சொன்னாள். பழைய சான்றிதழ்களைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிட்டாள்.

அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு பேசுதா?"

"இல்ல நைனா."

"பேசும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். சுவரில் இருந்தவற்றை அவர் கழற்றவில்லை.

நான்காம் நாள் வல்லத்தில் ஏறிய மோனிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏரிப் பறவைகளுக்கு ஒரு போஸ்டர் போட்டி வந்திருக்குது, பாக்குறியா?" என்று போனை நீட்டினாள். போட்டியே இல்லையென்றாலும் ஜெயசுதா வரையக்கூடிய விஷயம்தான். அவரவர் தனித்தனியாக வரைந்தார்கள். ஜெயசுதாவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. மோனிகாவுக்கு ஒன்றுமில்லை. அதற்கு அவள் முகம் வாடியதையும் ஜெயசுதா பார்த்தாள்.

படிப்பு முடிந்து மோனிகா கல்யாணமாகி அகமதாபாத் போனாள். அங்கே துணி லேபிள்கள் வரைகிறாள். ஜெயசுதா செஞ்சியிலேயே அரிசி ஆலைகளுக்குப் பை வடிவமைக்கிறாள். அவள் வரைந்த கொக்கும் நெற்கதிரும் மார்க்கெட்டில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பச்சமுத்து அவற்றைத்தான் இப்போது தூக்குகிறார்.

அச்சு வேலைக்காக மாதம் ஒருமுறை புதுச்சேரி போகிறாள். ரோடு நன்றாகிவிட்டது, பஸ் அப்போது போல ஆடி ஆடிப் போவதில்லை. வல்லத்தில் யார் யாரோ ஏறுகிறார்கள். பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்பவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்கிறாள். சண்டை போட ஆளில்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று முதலில் சில மாதங்கள் தெரியவில்லை. இப்போதெல்லாம் காற்று முகத்தில் பட்டதும் தூங்கிவிடுகிறாள்.